வலிப்பு இருப்பவர் வேலைக்குப் போகும்போது

வலிப்பு இருப்பதை நேர்முகத் தேர்வில் சொல்வதா, மறைப்பதா? வேலை தேடும் பிள்ளைகளும் பெற்றவர்களும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்காத இடத்தில் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட இடத்தில் பொய் எழுதாதீர்கள். மருத்துவப் படிவத்தில் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், நோயைச் சொல்லி அனுப்பத் தயங்கும் நிர்வாகம்கூட அந்தப் பொய்யைக் காட்டி அனுப்பிவிடும்.

வேலையில் சேர்ந்ததும் மேற்பார்வையாளரிடமும், பக்கத்தில் உட்காருபவர் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். குரலைத் தாழ்த்த வேண்டாம். “எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரை எடுக்கிறேன். எப்போதாவது வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் நிற்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.” என்ன செய்வதென்று தெரிந்தவர்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. முதல் முறை தரையில் விழுந்து துடிப்பதைப் பார்த்துத்தான் பாதி அலுவலகங்கள் மிரண்டு போகின்றன.

எந்த வேலை என்பதை நோயின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு வலிப்பு எப்படி வருகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். தூக்கத்தில் மட்டும் வருபவரும் நடக்கும்போதே சாய்ந்துவிடுபவரும் ஒன்றல்ல. கட்டுக்குள் வராதவரை சாரத்தில் ஏறும் வேலை, நீர்நிலை, கொதிக்கும் எண்ணெய், தடுப்பில்லாத இயந்திரம் ஆகியவை வேண்டாம். வண்டி ஓட்டும் வேலையும் வேண்டாம். இன்று சுலபமாகக் கிடைப்பது உணவு டெலிவரி வேலைதான் என்பதால் பலர் அதில் இறங்குகிறார்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழியிலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதை மறைத்துச் சாலையில் இறங்கினால் ஆபத்து உங்களோடு நிற்காது.

கம்ப்யூட்டர் வேலைக்குப் பயப்பட வேண்டாம். மினுக்கும் வெளிச்சத்தால் வலிப்பு தூண்டப்படுவது, இந்த நோய் உள்ள 100 பேரில் சுமார் 3 பேருக்குத்தான். அங்கே உண்மையான எதிரி நைட் ஷிஃப்ட். தூக்கம் கெடும், மாத்திரை நேரம் தவறும். வலிப்பை வரவழைக்க இந்த இரண்டும் போதும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பகல் ஷிஃப்டையே கேளுங்கள்.

அதற்கு நரம்பியல் மருத்துவரின் கடிதம் வேண்டும். ‘வலிப்பு நோயாளி’ என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை. கடைசியாக எப்போது வந்தது, என்ன வேலையெல்லாம் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும், இரவுப் பணி ஏன் கூடாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சட்டத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் வலிப்பு தனிப்பெயரோடு இல்லை. இந்து திருமணச் சட்டம் 1999-லேயே வலிப்பைத் திருமணத் தடைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வேலை தருபவர்களின் மனம் அந்த அளவுக்கு மாறவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பெற்றோருக்கு ஒன்று. சரியான சிகிச்சை கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபீல்டிங்கில் பாய்ந்து பாய்ந்து பந்தைப் பிடித்த கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு உண்டு. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் காக்காதீர்கள். வேலைக்கு அனுப்புங்கள், பையில் ஒரு வேளை மாத்திரை கூடுதலாக இருக்கட்டும்.