எலுமிச்சம்புல் இனங்களின் வளர்ச்சியும் தைல விளைவும்

கேரளத்தில் இஞ்சிப்புல் என வழங்கும் எலுமிச்சம்புல்லின் தைலம், வணிக உலகில் நெடுங்காலமாகக் 'கொச்சித் தைலம்' என்றே அறியப்பட்டு வந்துள்ளது. மலைச்சரிவுகளில் வடிக்கப்பட்ட தைலம் மட்டாஞ்சேரி வணிகர்களின் கைக்கு வந்து, கொச்சித் துறைமுகத்தின் வழியே அயல்நாடுகளுக்குச் சென்றமையே இதற்குக் காரணமாகும்.

எந்த இனம் செழித்து வளரும் என்பதே பயிரிடுவோர் முதலில் கேட்கும் கேள்வி. ஆனால் புல்லின் எடை மட்டுமே வருவாயைத் தீர்மானிப்பதில்லை. புல்லில் தைலம் எவ்வளவு, தைலத்தில் சிட்ரால் எவ்வளவு என்னும் இரு கேள்விகளையும் உடன் கேட்டல் வேண்டும். எலுமிச்சை மணத்தைத் தருவது சிட்ராலே. ஊதாப்பூ மணமுடைய அயனோனும், அதிலிருந்து விட்டமின் ஏ-யும் செய்வதற்கு இதுவே மூலப்பொருள். ஆதலின் தைலத்தின் விலை சிட்ராலின் அளவைப் பொறுத்து அமைகின்றது.

முக்கியமான இனங்கள் இரண்டு. கொச்சித் தைலம் தருவது சிம்போபோகன் பிளெக்சுவோசஸ். இது உயர்ந்து வளர்ந்து பூத்து விதை தரும். இதன் தைலம் 70 சதவிகித ஆல்கஹாலில் எளிதில் கரையும். மற்றொன்று சிம்போபோகன் சிட்ரேட்டஸ். இது அரிதாகவே பூக்கும். தூர்களைப் பிரித்து நட்டே பெருக்கப்படுகின்றது. இதன் தைலத்தில் மிர்சீன் மிகுதியாதலின் ஆல்கஹாலில் கரைதிறன் குறைவு. நாள்பட வைப்பின் மேலும் குறையும்.

முதல் இனத்திற்குள்ளேயே இரு வகைகள் உள. செந்தண்டு வகையில் சிட்ரால் மிகுதி. வெண்தண்டு வகையில் குறைவு. இரண்டும் கலந்து வளர்ந்த வயல் பசுமையாகத் தோன்றினும் தைலம் தரங்குறையும். விதை சேகரிக்கும்போது செந்தண்டுச் செடிகளையே தெரிந்தெடுத்தல் இதனால் இன்றியமையாததாகும்.

எர்ணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951-இல் எலுமிச்சம்புல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அங்குத் தெரிந்தெடுக்கப்பட்ட 'சுகந்தி' என்னும் ஓடி-19 செந்தண்டு வகையாகும். மானாவாரியில் எக்டேருக்கு 80 முதல் 100 கிலோ தைலம் தரும். சிட்ரால் 80 முதல் 85 சதவிகிதம்.

வகுப்பில் பின்வரும் கணக்கைச் செய்து காட்டலாம். ஒரு வயலில் 10,000 கிலோ புல் விளைந்து, தைலம் 0.2 சதவிகிதம், சிட்ரால் 70 சதவிகிதம் எனக் கொள்வோம். கிடைக்கும் தைலம் 20 கிலோ. அதில் சிட்ரால் 14 கிலோ. மற்றொரு வயலில் 8,000 கிலோ புல்லே விளைந்தது, தைலம் 0.3, சிட்ரால் 80 சதவிகிதம் எனின், தைலம் 24 கிலோ, சிட்ரால் 19.2 கிலோ ஆகும். புல் குறைந்த வயலே மிகுந்த பயன் தந்தது.

ஒப்பிடுகையில் ஓர் எச்சரிக்கை: வாடிய புல்லில் நீர் குறைந்திருப்பதால், அதன் எடையில் தைலச் சதவிகிதம் உயர்ந்ததுபோல் தோன்றும். எனவே இருவகைப் புல்லையும் ஒரே வயதில் அறுத்து, அறுத்தவுடன் எடையிட்டு, ஒரே முறையில் வடித்தல் வேண்டும்.

களப்பணியாளர், விவசாயி ஒரு தோட்டத்தின் பசுமையைக் கண்டு நாற்று வாங்குமுன், தண்டின் நிறத்தை நோக்குமாறு அறிவுறுத்துக. கவனமின்றி வாங்கிய நாற்றின் குறையை, பல ஆண்டுகள் நிலத்தில் நிற்கும் இப்பயிரில் அவர் ஒவ்வோர் அறுவடையிலும் ஏற்க நேரிடும்.