பழைய கிராலரின் கியர் ஆயில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1904 நவம்பர் 24. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் அருகே, இரும்புச் சக்கரம் புதையும் சதுப்பு வயலில், பட்டைச் செயின் பூட்டிய நீராவி டிராக்டரை ஓட்டிப் பார்த்தார் பெஞ்சமின் ஹோல்ட். அவருடைய நிறுவனமும் சி.எல். பெஸ்ட் நிறுவனமும் 1925-இல் இணைந்து கேட்டர்பில்லர் பிறந்தது. 1938 முதல் 1957 வரை அது தயாரித்த டி2 என்னும் சிறிய டீசல் கிராலரை (செயினில் ஓடும் டிராக்டரை) அமெரிக்காவில் இன்றும் ஆசையோடு பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடந்த வண்டியை எழுப்பும்போது, பழைய கியர் ஆயிலை அவசரமாகக் கழுவிக் கொட்டிவிடுகிறார்கள் பலர். ஆனால் கியர் பெட்டிக்குள் நடந்த அத்தனைக்கும் சாட்சி அந்த ஆயில்தான்.

நம்பிக்கை: அடி பிளக்கைக் கழற்றினால் எல்லாம் வடிந்துவிடும்.

உண்மை: டி2-இல் கியர் பெட்டிக்கு ஓர் ஆயில்; இரு பக்கத்துப் பைனல் டிரைவுகளுக்கும் (செயினை ஓட்டும் கடைசிக் கியர்களுக்கும்) தனித்தனி ஆயில். ஒன்றை வடித்தால் மற்றவை அப்படியே இருக்கும். நடுவிலுள்ள ஸ்டீயரிங் கிளட்ச் அறைகள் உலர்ந்திருக்க வேண்டியவை. அங்கிருந்து ஆயில் கொட்டினால், பக்கத்து அறையின் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். நனைந்த கிளட்ச் வழுக்கும். வண்டி சொன்ன பக்கம் திரும்பாது.

வடிக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஓடாமல் நின்ற வண்டியில் தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தங்கியிருக்கும். பிளக்கை மெல்லத் தளர்த்தினால் முதலில் அதுதான் வரும். கியர் லீவரின் கிழிந்த உறை வழியே இறங்கிய மழையும், வெயிலும் குளிரும் மாறி மாறி உண்டாக்கும் ஈரப் படிவுமே பெரும்பாலும் காரணம். தண்ணீர் போன பிறகு, ஓட்டக்கூடிய வண்டியானால் சற்று ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்தால் கசடும் கலங்கி வெளியே வரும்.

நம்பிக்கை: மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி, வயலில் ஓட்டி எடுத்தால் உள்ளே பளிச்சென்று ஆகிவிடும்.

உண்மை: டீசல் கசடைக் கரைக்கும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சுமை தாங்கும் படலமாக நிற்காது. அலச வேண்டுமானால் பாரமில்லாமல், தாழ்ந்த கியரில், சில நிமிடம் மட்டும் உருட்டி உடனே வடிக்க வேண்டும். உள்ளே தங்கும் டீசல் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும் என்பதால் முழுவதும் சொட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோலைத் தொடவே கூடாது. அதன் ஆவி தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

நம்பிக்கை: வடித்த ஆயிலில் உலோகத் தூள் தெரிந்தால் கியர் போச்சு.

உண்மை: விரலில் சாம்பல் பசையாக ஒட்டும் நுண்தூள் வழக்கமான தேய்மானம். செதில், சில்லு, பல்லின் விளிம்பு வடிவத் துண்டு வந்தால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு காந்தம் போதும்: இரும்பு ஒட்டும், வெண்கல புஷ்ஷின் மஞ்சள் துகள் ஒட்டாது.

நம்பிக்கை: கியர் ஆயில் 90 என்றால் இன்ஜின் ஆயில் 50-ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு கெட்டி.

உண்மை: இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயிலின் பிசுக்குமை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ். இன்ஜின் ஆயில் 40-உம் 50-உம் சேர்ந்து பிடிக்கும் எல்லைக்குள்ளேயே அது வந்துவிடுகிறது.

நம்பிக்கை: கடையில் இருப்பதிலேயே உயர்ந்த ஜி.எல்.-5 தரக் கியர் ஆயில்தான் பழைய வண்டிக்கும் நல்லது.

உண்மை: ஜி.எல்.-5-இல் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கடும் அழுத்தத்தில் எஃகுப் பற்களைக் காப்பவை. சூடேறும்போது அதே கந்தகம் சில வகைகளில் வெண்கலத்தை அரிக்கும். உள்ளே வெண்கல புஷ் உள்ள வண்டிக்கு அதன் கையேடு சொல்லும் ஆயிலே சரி.

நம்பிக்கை: வடித்த ஆயிலைச் செயினில் ஊற்றினால் அது சுலபமாக ஓடும்.

உண்மை: அந்தக் காலச் செயின்கள் உலர்ந்து ஓடப் பிறந்தவை. ஆயில் பட்டால் மணல் ஒட்டி, உப்புத்தாள் போலப் பின்னையும் புஷ்ஷையும் அராவும். மண்ணில் சொட்டுவது கிணற்றுக்கும் போகும். மூடிய டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுப்பதே முறை.

வடித்தபின் முதல் நிரப்பலுக்கு, கையேடு சொல்லும் தரத்திலேயே விலை குறைந்த ஆயில் போதும். சில மணி நேரம் ஓட்டியபின் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், மூலைகளில் ஒட்டியிருந்த கசடு கரைந்து ஆயில் மீண்டும் கறுத்திருக்கலாம். மிச்சமிருந்த ஈரத்தால் பால் போல வெளுத்தும் இருக்கலாம். அதைச் சூட்டோடு இன்னொரு முறை வடித்துவிட்டு, நல்ல ஆயிலை அப்போது ஊற்றலாம்.