கைதட்டுவது எப்போது?

மேலைத்தேய வாத்தியக் குழுவின் கச்சேரிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தயங்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "தவறான இடத்தில் கைதட்டிவிட்டால் வெட்கமில்லையா, டீச்சர்?"

சிம்பொனி வழக்கமாக நான்கு பகுதிகள் கொண்டது. பகுதிகளுக்கிடையே சிறிது அமைதி நிலவும். முழுதும் முடிந்த பின்னரே கைதட்டுவது இன்றைய வழக்கம். பகுதிகளை எண்ணினால் போதுமே என்பீர்கள். 1808இல் வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் அது பலிக்காது. அதன் மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காம் பகுதிக்குள் போய்விடும். எண்ணுவதை விட்டு, கோல் பிடித்துக் குழுவை நெறிப்படுத்துபவரைப் பாருங்கள். அவர் கைகளைத் தாழ்த்திச் சபையை நோக்கித் திரும்பும்வரை பொறுத்திருங்கள்.

இவ்வழக்கம் எக்காலத்திலும் இருந்ததன்று. 1778இல் பாரிஸில் தம் சிம்பொனியின் முதற்பகுதி நடக்கும்போதே சபையோர் கைதட்டியதை மோஸார்ட் மகிழ்ச்சியோடு தந்தைக்கு எழுதினார். ஆகவே மாணவிகளே, தவறித் தட்டினாலும் குடி மூழ்கிவிடாது. பயந்துகொண்டே இருப்பவளின் காதில் இசை ஏறாது.

நேரத்தோடு போங்கள். தாமதித்தால் இடைவேளை ஒன்று வரும்வரை வாசலில் நிற்க நேரலாம். இரவுக் கச்சேரியாயின் மஃரிபைத் தொழுதுவிட்டு ஆசனத்தில் அமர்வது நிம்மதி. கைத்தொலைபேசியை அப்போதே அணைத்துவிடுங்கள். தொடங்குமுன் ஓபோ என்னும் குழல் ஒரே சுரத்தை நீட்டி ஊத, மற்ற வாத்தியங்கள் யாவும் அதனோடு சுருதி சேர்க்கும். சிலர் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கோ கச்சேரி அங்கேயே தொடங்கிவிடும்.