சென்னையிலிருந்து ஜித்தா: தூரமும் நேரமும்

உம்ரா டிக்கெட்டை எடுத்துக்கொண்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் நம் ஜமாஅத்தார் பலரும் கேட்பது இதுதான்: "இரவு 10 மணிக்குக் கிளம்பி 1.30க்கு இறங்குதே, மூன்றரை மணி நேரம்தானா ஹஜ்ரத்?"

இல்லை, ஆறு மணி நேரம். கிளம்பும் நேரம் இந்தியக் கணக்கு, இறங்கும் நேரம் சவூதிக் கணக்கு. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கூட்டிக்கொள்ளுங்கள், வரும்போது கழித்துக்கொள்ளுங்கள்.

நேர்கோட்டுத் தூரம் சுமார் 4,440 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போனாலும், ஏறுவதும் இறங்குவதும் பாதை வளைவதும் சேர்ந்து ஐந்தரை முதல் ஆறு மணி நேரமாகிவிடும். மேல்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் திரும்பி வரும் பயணம் சற்றுக் குறையும். இதெல்லாம் நேர் விமானத்துக்கு. வழியில் மாறினால் காத்திருப்பும் சேரும்.

இந்தக் கணக்கு முதலில் தேவைப்படுவது இஹ்ராமுக்கு. கப்பலில் நாள்கணக்காகப் போன நம் முன்னோருக்கு யலம்லம் எல்லை வருவதற்குள் குளித்துத் தயாராக அவகாசம் இருந்தது. விமானமோ பெரும்பாலும் கிழக்கிலிருந்து தாயிஃப் பக்கத்துக் கர்னுல் மனாஸில் எல்லையை ஒட்டி வந்து, அதைத் தாண்டி ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கிவிடும். அறிவிப்பு வந்த பிறகு கழிவறை வாசலில் வரிசை நிற்கும். ஆகவே துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொண்டு, நிய்யத்தை மட்டும் மீகாத்துக்குச் சற்று முன் வையுங்கள். முதலில் மதீனா செல்பவர்களுக்கு இந்த அவசரம் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் குழுவில் ஒரு பெரியவர் இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் வைத்து லக்கேஜில் போட்டுவிட்டார். பாதி வழியில்தான் நினைவு வந்தது. மனிதர் அழுதுவிட்டார். பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பையில் கூடுதலாக ஒரு செட் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். எல்லாருக்கும் அப்படி ஒருவர் அமைவாரா?

திரும்பும்போது தவறுவது சுபுஹு. ஜித்தாவில் சுபுஹு 5 மணி என்றும், விமானம் இரவு 1 மணிக்குக் கிளம்புகிறது என்றும் வைத்துக்கொள்வோம். "இன்னும் நாலு மணி நேரம் இருக்கு" என்று தூங்கிவிடுகிறோம். ஆனால் நாம் கிழக்கே, விடியலை எதிர்கொண்டு போகிறோம். மாற்றாத கைக்கடிகாரம் 3.40 காட்டும்போதே வக்து வந்துவிடும். வெளிச்சமும் வேகமாக ஏறும். ஒரு மணி நேரத்துக்குள் சூரியன் உதித்துவிடும். கிளம்பி இரண்டரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்து ஜன்னலைப் பாருங்கள்.

ரமழானில் பகலில் போகிறவர்களுக்கு நேர்மாறு. மாலை 3 மணிக்குச் சென்னையில் ஏறினால், இங்கே மஃரிப் 6.20 என்றால், அந்த நேரத்தில் விமானத்தில் சூரியன் நன்றாகவே தெரியும். ஜித்தாவில் இறங்கும் வேளையில், நம் ஊர்க் கணக்கில் இரவு 9 மணி சுமாருக்குத்தான் மறையும். கண்ணெதிரே சூரியன் இருக்கும்போது சென்னை நேரத்தைப் பார்த்து நோன்பு திறக்க முடியாது. பயணிக்கு நோன்பை விட்டுப் பிறகு கழா செய்யச் சலுகை உண்டு. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் தாய்மார்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளவும்.