நாணயச்சாலைத் தவறா, தண்டவாளத்து வேலையா? விசித்திரக் காசை விலை கேட்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய காசு பற்றி சேனலில் ஒரு வீடியோ போட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு போட்டோக்கள் வந்துகொண்டே இருக்கும். நசுங்கின ஒரு ரூபாய், செம்பு நிறத்தில் ஐந்து ரூபாய், நடுவில் ஓட்டையோடு பத்து ரூபாய். எல்லாருடைய கேள்வியும் ஒன்றுதான்: "இதுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

அதைக் கேட்பதற்கு முன்னாடி வேறொரு கேள்வி இருக்கிறது. இந்தக் கோளாறு நாணயச்சாலைக்குள் நடந்ததா, காசு வெளியே வந்த பிறகு நடந்ததா? உள்ளே நடந்திருந்தால் அது எரர் காயின், சேகரிப்பவர் காசு கொடுப்பார். வெளியே நடந்திருந்தால் அது வெறும் சேதம். முகமதிப்பு கூட சந்தேகம்தான், அதற்குப் பின்னால் வருகிறேன்.

காசு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். ஓரத்தை லேசாக உயர்த்துவார்கள். பிறகு அந்த வில்லை மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, சுற்றிலும் காலர் எனப்படும் வளையம், இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரே அடி வாங்கும். உண்மையான தவறு எதுவாக இருந்தாலும் இந்த மூன்று கட்டத்தில் ஒன்றில்தான் பிறந்திருக்க வேண்டும். "இது எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும்?" என்று கேட்டு பதில் சொல்ல முடியவில்லை என்றால், பெரும்பாலும் அது சேதம்.

முதலில் கோடுகள். காசின் மேல் ஒரு கோடு தெரிகிறதா? நகத்தால் தடவிப் பாருங்க. கோடு மேடாக இருந்தால் நல்ல அறிகுறி. அச்சில் விரிசல் விழுந்தால் அந்த விரிசல் ஒரு பள்ளம். அடிக்கும்போது உலோகம் அதற்குள் புகுந்து காசில் மேடாக நிற்கும். கோடு பள்ளமாக இருந்து, அதன் கரையில் உலோகம் பிதுங்கி நின்றால் அது கீறல். சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் கிடந்த காசு. (அடிக்கும்போது நூல், தூசு மாட்டினாலும் பள்ளம் வரும், ஆனால் கரையில் பிதுக்கம் இருக்காது.) எழுத்து மங்கலாக இருந்தால் சுற்றியுள்ள பரப்பைப் பாருங்க. அச்சில் கிரீஸ் அடைத்துக்கொண்டால் எழுத்து மட்டும் மங்கும், பரப்பின் இயல்பான பளபளப்பு அப்படியே இருக்கும். அரம் போட்டு அழித்திருந்தால் அந்த இடம் தாழ்ந்து, தேய்த்த தடம் தெரியும்.

அடுத்தது நசுங்கின காசு. சின்ன வயசில் தண்டவாளத்தில் காசு வைத்து ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தக் காசுகள் இன்றைக்கு "அகலமான அபூர்வ நாணயம்" என்று விற்பனைக்கு வருகின்றன. காலர் சரியாக உட்காராமல் அடி விழுந்தால் உண்மையிலேயே அகலமான காசு பிறக்கும். அதில் உருவமும் எழுத்தும் கூர்மையாக இருக்கும், ஓரம் மொழுக்கென்று இருக்கும். சக்கரம் ஏறியதில் எழுத்துகள் ஒரு பக்கமாக இழுபட்டு, சிங்கத்தின் முகம் வழித்தெடுத்த மாதிரி தட்டையாக இருக்கும். இங்கே எடை உங்களுக்கு உதவாது. இரண்டிலும் உலோகம் குறையவில்லை, எடை சரியாகவே காட்டும்.

ஓரம் கடித்தது போன்ற காசுக்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. தகட்டில் ஏற்கெனவே வெட்டின இடத்தின் மேல் மறுபடி வெட்டு விழுந்தால் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லாத வில்லை வரும். அப்படிப்பட்ட வில்லையின் ஓரத்தை உயர்த்தும்போது, கடிபட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் அழுத்தம் சரியாகக் கிடைக்காது. அதனால் எதிர்ப்பக்க ஓரமும் மங்கலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கடி மட்டும் இருந்து, எதிர் ஓரம் கச்சிதமாக, வெட்டு விளிம்பு கூராக இருந்தால் யாரோ பட்டறையில் வெட்டியிருக்கிறார்கள் என்றே சந்தேகப்படுங்கள்.

சேகரிப்பாளர்கள் "லக்கி" என்று அழைக்கும் வகைதான் அதிகம் ஏமாற்றுவது. அடித்த காசு ஒன்று மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அந்தக் காசின் முகமே பதியும். ஒரு பக்கம் சிங்கம் வழக்கம்போல மேடாக, மறுபக்கம் அதே சிங்கம் பள்ளமாக, இடவலம் மாறி. முக்கியம் என்னவென்றால், மதிப்பு எண் இருக்க வேண்டிய பக்கம் அந்த எண் சுத்தமாக இருக்கவே கூடாது. இரண்டு காசை ஒன்றன் மேல் ஒன்று வைத்து பட்டறை வைஸில் நெரித்தாலும் பள்ளமான, திரும்பிய உருவம் வரும். ஆனால் அடியில் பழைய எண்ணும் எழுத்தும் நசுங்கி எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்தால் விஷயம் முடிந்தது, பணத்தை எடுக்காதீர்கள்.

நிறம் மாறிய காசுக்கு வீட்டிலுள்ள காந்தம் போதும். 1992 முதல் வந்த சின்ன ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டும். அது தங்க நிறத்தில் இருந்தும் காந்தத்தில் ஒட்டினால் மேலே முலாம், உள்ளே அதே எஃகு. செம்பு-நிக்கல் கலவையில் வந்த பழைய ஒரு ரூபாய் ஒட்டாது, அதுவே இயல்பு. 2011 வரிசை ஐந்து ரூபாய் பித்தளை மஞ்சளில் இருக்கும்; அமிலம் பட்டால் மேல்பரப்பு சிவந்துபோகும். உடனே "செம்பில் அடித்த காசு" என்று கதை கிளம்பிவிடும். தேய்ந்த மேடுகளில் மஞ்சள் எட்டிப் பார்க்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். இந்தக் காசின் எடை 6 கிராம். அமிலத்தில் ரொம்ப நேரம் ஊறியதென்றால் நகைக்கடைத் தராசு குறைத்துக் காட்டும்.

பத்து ரூபாயில் நடுப்பகுதி கழன்றது நிறைய வருகிறது. தட்டிக் கழற்றியதா, நடுப்பகுதி இல்லாமலே அடிபட்டதா? வளையத்தின் உள்விளிம்பு சொல்லும். இரண்டும் சேர்ந்து அடிபட்ட பிறகு கழன்றிருந்தால், எல்லையைத் தாண்டிப் போகும் வடிவங்கள் கத்தியால் அறுத்த மாதிரி நிற்கும். வெறும் வளையமாக அடிபட்டிருந்தால் உலோகம் ஓட்டைக்குள் வழிந்து உள்விளிம்பு கோணலாக இருக்கும்.

இன்னொரு வதந்தி: "ஆண்டுக்குக் கீழே குறி இல்லாத நாணயம் அபூர்வம்." இல்லைங்க. நம் நாட்டில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என நான்கு நாணயச்சாலைகள். மும்பைக்கு வைரக் குறி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. குறி இல்லை என்றால் கொல்கத்தா காசு, அவ்வளவுதான்.

பழைய வெள்ளிக் காசில் ஆட்டம் பெரியது. 1939 ஆண்டு போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அரிது. அதனாலேயே போலிகளும், ஆண்டு எண்ணைச் செதுக்கி மாற்றினவையும் உலவுகின்றன. 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. அதனால் 1939 என்று ஒருவர் நீட்டினால், கடைசி இலக்கத்தைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பார்ப்பதோடு வெள்ளியின் தரத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இப்போது என் தொழில் பக்கம். 2011 நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகள் 1,000 ரூபாய் வரை செல்லும். ஆனால் ஒரு நிபந்தனை: உருவம் சிதைக்கப்பட்டிருக்கக் கூடாது, எடை குறித்த அளவுக்குக் கீழே போயிருக்கக் கூடாது. ஆக, "எரர்" என்று நம்பி 5,000 கொடுத்து வாங்கிய வைஸ் காசை கடைக்காரர் ஐந்து ரூபாய்க்குக் கூட வாங்க மறுக்கலாம். நீங்களே செய்து பார்க்கலாமே என்ற எண்ணமும் வேண்டாம். காசை உருக்குவதும் அழிப்பதும் அதே சட்டத்தில் குற்றம், 7 ஆண்டு வரை சிறை.

விற்கப் போகிறவர்களுக்கு ஆபத்து வேறு திசையில். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் என்ற செய்தியைப் பார்த்திருப்பீர்கள். புழக்கத்துக்கென்றே வெளியிட்ட காசு அது. இப்படி விளம்பரம் கொடுப்பவர் போன் செய்ததும் பதிவுக் கட்டணம், அப்புறம் கமிஷன், அப்புறம் வரி என்று வரிசையாகக் கேட்பார். ரிசர்வ் வங்கி பெயரில் கடிதமும் வரும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது: பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலை எங்களுடையது அல்ல, அதற்கு எந்தக் கட்டணமும் நாங்கள் கேட்பதில்லை என்று. வருமான வரியும் இப்படி வாங்குபவர் கையில் முன்பணமாகக் கட்டுவது கிடையாது. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போட வேண்டியதில்லை என்பதையும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் 1930-க்கு உடனே அழையுங்கள்.

உண்மையான எரர் கையில் இருக்கிறது என்று தோன்றினால் கழுவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சேகரிப்பவர் விரும்புவது அந்தப் பழைய பரப்பைத்தான். இரண்டு பக்கமும் ஓரமும் தெரிய மூன்று படம், பக்கத்தில் அதே வகை சாதாரணக் காசு ஒன்று, இரண்டின் எடை. இவ்வளவையும் எடுத்துக்கொண்டு நாணயக் கண்காட்சியில் குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் காட்டுங்கள். முதல் ஆளிடம் "விற்க வந்தேன்" என்று சொல்ல வேண்டாம், "இது என்ன வகை?" என்று மட்டும் கேளுங்கள்.