ஏழு நாள் வானிலையும் பால்வெட்டும்

கிழக்கு வெளுக்கும் முன்னரே பிரட்டுக்கு வந்து நிற்கும் தோட்டப் பாட்டாளி முதலில் நோக்குவது வானத்தைத்தான். மழை வருமா, வராதா என்னும் கேள்வியில் அவரது அன்றைய வருமானம் அடங்கியிருக்கிறது. மரம் வெட்டி முடித்த சற்று நேரத்தில் மழை கொட்டினால், மங்கில் சேர்ந்த பால் நீரோடு வழிந்து வீணாகிவிடும். வராத மழைக்கு அஞ்சி வீட்டில் தங்கினாலும் நட்டமே. ஆகவே, வானிலை அறிவிப்பைப் படித்தறியும் முறையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தென்மேற்குப் பருவக்காற்று

நம் நாட்டில் கோடை, குளிர் என்னும் பருவங்கள் இல்லை. காற்று வீசும் திசையே நமக்குப் பருவத்தைக் காட்டுகிறது. ஏறக்குறைய மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. சுமத்ரா தீவின் உயர்ந்த மலைத்தொடர் இக்காற்றின் ஈரத்தைத் தடுத்துவிடுவதால், தீபகற்ப மலேசியாவில் இக்காலத்தில் மழை குறைகிறது. வெயிலும், சில ஆண்டுகளில் புகைமூட்டமும் நம்மை வாட்டுகின்றன.

அறிவிப்பின் சொற்கள்

மலேசிய வானிலை ஆய்வுத் துறை அடுத்த ஏழு நாள்களுக்கான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு நாளும் காலை, பிற்பகல், இரவு என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் வரும் மலாய்ச் சொற்களை நாம் சரியாக உணர வேண்டும். ‘தியாடா ஹுஜான்’ என்றால் மழை இல்லை. ‘ஹுஜான் டி சத்து டுவா தெம்பாட்’ என்றால் ஓரிரு இடங்களில் மட்டும் மழை. ‘ஹுஜான் டி பெபெராப்பா தெம்பாட்’ என்றால் பல இடங்களில் மழை. ‘ரிபுட் பெத்திர்’ என்பது இடியுடன் கூடிய மழை. ‘பெர்ஜெரெபு’ என்பது புகைமூட்டம்.

பால் வெட்டுவோர் முதலில் பார்க்க வேண்டியது காலைப் பகுதியையே. பிற்பகலில் மட்டும் மழை என்றிருந்தால், அதற்கு முன் பால் எடுத்து முடிக்கத் திட்டமிடலாம். நாளைய அறிவிப்பு ஏழாம் நாள் அறிவிப்பைவிட நம்பத்தக்கது. ஆதலின் ஒருமுறை பார்த்துவிட்டு இருந்துவிடாமல், ஒவ்வொரு மாலையும் மீண்டும் பார்த்தல் நலம்.

விடியற்காலைச் சூறைக்காற்று

வறண்ட பருவம் என்று நாம் முற்றிலும் நம்பியிருத்தல் ஆகாது. இரவில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமேகங்கள், வரிசையாகக் கிழக்கு நோக்கி வந்து, விடியற்காலையில் மேற்குக் கரை மாநிலங்களைத் தாக்குவதுண்டு. மேற்கே கரிய மேகம் வளைந்து எழுவதும், திடீரெனக் குளிர்காற்று வீசுவதும் இதன் அடையாளங்கள். இதனைப் பல நாள்களுக்கு முன்னரே துல்லியமாகக் கூறுதல் அரிது. இத்தகைய வேளையில்தான் இடிமழை எச்சரிக்கை பயன்படும். ஒரு முறை விடுக்கப்படும் இவ்வெச்சரிக்கை ஆறு மணி நேரத்திற்கு மேல் செல்லாது.

இடி கேட்டவுடன் வேலையை நிறுத்திக் கட்டடத்திற்குள்ளோ, மூடிய வாகனத்திற்குள்ளோ செல்ல வேண்டும். மரத்தடி பாதுகாப்பான இடமன்று. ஒரு வாளிப் பாலைக் காக்க உயிரைப் பணயம் வைத்தல் அறிவுடைமை ஆகாது. மழை விட்டபின் பட்டை காயும்வரை வெட்டாதிருத்தல் நன்று. ஈரப்பட்டையில் வெட்டினால் பால் கோட்டைவிட்டு வழிந்தோடும். பட்டையை அழுகச் செய்யும் காளான் நோயும் பரவும்.

வெப்பத்தின் மூன்று படிகள்

தொடர்ந்து மூன்று நாள்களேனும் ஓர் இடத்தின் உச்ச வெப்பம் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருந்தால் அது முதற்படி. 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் படி. அதுவே வெப்ப அலை. 40-ஐத் தாண்டினால் மூன்றாம் படி. பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் 40.1 பாகை பதிவாயிற்று.

வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன. மரத்தினுள் பாலை உந்தும் அழுத்தம் குறைகிறது. ஆதலால் வெயில் மிகுந்த நாள்களில் விடியுமுன் வெட்டுதல் பால் வரவுக்கும் நம் உடலுக்கும் ஒருங்கே நன்மை தருகிறது.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல், இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துவோம். உடன் வேலை செய்பவர் பேச்சுத் தடுமாறினாலோ, குழம்பினாலோ, மயங்கினாலோ, அதனைக் களைப்பு என்று விட்டுவிடலாகாது. அவரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடலை நீரால் நனைத்து, விசிறிவிட்டு, 999-ஐ உடனே அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டையும் கவனிப்போம். அது 100-ஐக் கடந்தால் காற்று உடல்நலத்திற்குக் கேடானது. 300-ஐக் கடந்தால் பேராபத்து. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூவாரில் அது 700-ஐயும் தாண்டியமையால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் குழந்தைகளையும் ஆஸ்துமா நோயாளிகளையும் வீட்டினுள் வைத்துக் காத்தல் நம் கடமை.

வானத்தை ஆள நம்மால் இயலாது. அதன் போக்கை முன்கூட்டி அறிந்து நடக்க இயலும். மாலையில் ஐந்து நிமிடம் அறிவிப்பைப் பார்ப்போம்; லயத்து அண்டை வீட்டாருக்கும் சொல்வோம். வருமுன் காத்து, உழைப்பின் பயனை முழுமையாகப் பெறுவோம்.