மூடி திறந்த நேரத்தையும் எழுதும்

அன்பின் தம்பிக்கு,

ஒட்சைட்டு மேற்பரப்புகளில் ஆய்வு தொடங்கியிருக்கிறேன், முதலில் எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர். காங்கேசன்துறைப் பெடியன் புத்தகத்துக்கு முதல் சுண்ணாம்பைப் பார்க்க வேணும். உங்கள் ஊரில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியதே காலுக்குக் கீழே கிடந்த சுண்ணக்கல்லை நம்பித்தான். 1990இல் யுத்தம் அதன் சூளையை அணைத்தது. கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அந்தக் கல்லை ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறிக் கல்சியம் ஒட்சைட்டு மிஞ்சும். பழைய மேசன்மார் அதைக் கிடங்கில் கொட்டித் தண்ணீர் விடுவார்கள். கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். பிறகு கீறல் விட்டுச் சீறும், ஆவி கிளம்பும், கட்டி மாவாக உதிரும். தண்ணீர் மேற்பரப்பைப் பிடித்து, கீறல் வழியே உள்ளே இறங்குகிற வேலை அது.

அணு மட்டத்திலும் இடம் பார்த்துத்தான் எல்லாம் நடக்கிறது. மகனீசியம் ஒட்சைட்டின் தட்டையான முகத்தில் தனி நீர் மூலக்கூறு உடையாமல் ஒட்டிக்கிடக்கும். படி விளிம்பில், அயல் குறைந்த அயன்களிடம் வந்தால் உடைந்துபோகும். கல்சியம் ஒட்சைட்டோ தட்டையான முகத்திலேயே உடைத்துவிடும்.

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். ஒருநாள் சுட்ட மாதிரியை மூடாமல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து நிறுத்தால் பாரம் கூடியிருந்தது. இரண்டு கிழமை தராசோடு மல்லுக்கட்டினேன். தராசில் பிழையே இல்லை. நான் சோறு தின்ற நேரத்தில் மாதிரி காற்றில் இருந்த ஈரத்தைக் குடித்திருந்தது.

காற்று அவ்வளவு விரைவானது. அமுக்கத்தை வளிமண்டலத்தின் நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைத்தாலும், படுகிற மூலக்கூறெல்லாம் ஒட்டினால், சில செக்கன்களில் மேற்பரப்பை ஒரு படை மூடிவிடும். சாதாரணக் காற்றில் கண் இமைக்கவே நேரமில்லை. ஆகவே நீர் சுட்டெடுத்த மேற்பரப்பும் நீர் அளக்கிற மேற்பரப்பும் ஒன்றல்ல. எத்தனை பாகையில், எவ்வளவு நேரம் சுட்டீர் என்று கொப்பியில் எழுதுவீர்தானே? மூடியைத் திறந்தது எத்தனை மணிக்கு, அன்று காற்றில் ஈரம் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதும்.

உங்கள் ஊர்ச் சீமெந்துக் கடைக்காரரைப் பாரும். பையை வெறுந்தரையில் வைக்கமாட்டார், பலகை போட்டுத்தான் அடுக்குவார். வாய் திறந்த பை கடற்காற்றில் கட்டிபடும் என்று அவருக்குத் தெரியும். ஆய்வுகூடத்துக்குள் நுழைந்ததும் அதை மறந்துபோகிறவர்கள் நாங்கள்தான்.

அன்புடன்,
அண்ணன்